யாரைக் கண்டு யாருக்குப் பயம்

பத்து மணி அடித்தது. குணசுந்தரி வினாத்தாள் கட்டைப் பிரித்து முதல் வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு போனாள். அறுபது பேர், வேதியியல் இரண்டாம் ஆண்டு, மூன்று மணி நேரம். அவள் அரசியல் அறிவியல் துறை என்பதால் தாளில் இருந்த ஒரு வரியும் அவளுக்குப் புரியவில்லை. புரியாதவர்களைத்தான் தேர்வு மேற்பார்வைக்குப் போடுவார்கள். பெரிய அரங்கு, ஆகவே இரண்டு பேர். மறுகோடியில், கதவோர மேசையில், அதே துறையின் செண்பகவல்லி வருகைத் தாளை மேசை விளிம்புக்கு நேராக வைத்தாள், திரும்பவும் எடுத்து நேராக வைத்தாள், இந்தப் பக்கம் பார்க்கவில்லை. பேசக்கூடாது என்ற விதி இன்றைக்கு இரண்டு பேருக்கும் வசதியாகத்தான் இருந்தது. ஒரு மணிக்கு இங்கே மணி அடிக்கும். ஒன்றே காலுக்கு முதல்வர் அறையில், மண்டல அலுவலகத்திலிருந்து வந்திருக்கும் விசாரணை அதிகாரிக்கு எதிரே குணசுந்தரி உட்கார வேண்டும். போன புதன்கிழமை காலை ஒன்பது இருபதுக்குக் கல்லூரி வாசலில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்பார். அதற்குப் பதில் இருக்கிறது, ஒரே வரி, கல்லூரிச் செயலர் தனுஷ்கோடி காவலாளி சுடலைமுத்துவை அறைந்தார், குளிக்கும்போதும் தோசை திருப்பும்போதும் சொல்லிப் பார்த்தாயிற்று, நாக்கு இடறவில்லை. இடறுவது அடுத்த கேள்வியில். உங்களோடு வேறு யார் இருந்தார்கள். கேட்பாரா, கேட்காமல் விடுவாரா. கேட்பார், ஏனென்றால் சுடலைமுத்துவின் மனுவில் ‘மேல்மாடி ஜன்னலில் நின்ற ஆசிரியர்கள் பார்த்தார்கள்’ என்று இருக்கிறது. ஆசிரியர்கள். அந்தக் ‘கள்’ நான்கு நாளாக அவள் நெஞ்சில் மீன்முள் மாதிரி நின்றுகொண்டிருந்தது. வேறு யார், வேறு யார் என்று மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை சொல்லிற்று.

கடைசி பெஞ்சுவரை போய்த் திரும்பினாள். முப்பத்தோரு வருஷமாக இதே நடை. எதைப் பற்றி எழுதினாள், எதைப் பாடம் சொன்னாள் என்று யாராவது கேட்டால் குணசுந்தரியிடம் சின்னப் பதில்தான் உண்டு, பயத்தைப் பற்றி. அரசியல் கோட்பாடு கற்பிக்கிறவர்கள் மேலேயிருந்து தொடங்குவார்கள், நல்ல அரசு எது, நீதி எது, உரிமை எங்கிருந்து வருகிறது என்று. அவளும் அப்படித் தொடங்கியவள்தான். முனைவர் பட்டத்துக்கு நீதி பற்றி இருநூறு பக்கம் எழுதி வைத்திருந்தாள். அந்தச் சமயம் ஏதோ ஒரு சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸ் பெஞ்சில் ஒரு காலை முழுக்க உட்கார வேண்டியதாயிற்று. பக்கத்தில் நாற்பது வயது மனிதர் ஒருவர், சலவை செய்த சட்டை, கழுத்துப் பொத்தான் போட்டிருந்தார், உதடு அசைந்துகொண்டே இருந்தது. ஐயா, எம் பேர்ல இருக்குற நெலத்த வேற ஆள் பேருக்கு மாத்திட்டாங்க. ஐயா, எம் பேர்ல இருக்குற நெலத்த. ஒரு மணி நேரம் அதே வாக்கியம். கூப்பிட்டார்கள். மேசைக்கு முன்னால் போய் நின்றார், அதிகாரி தலைதூக்கி என்னய்யா என்றார். ஒண்ணுமில்லைங்கய்யா, சும்மா கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். யாரும் அவரை மிரட்டவில்லை, எந்தச் சட்டமும் அவர் வாயைக் கட்டவில்லை. ஆனால் தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியதை அவள் பக்கத்திலிருந்து பார்த்தாள். இருநூறு பக்கத்தையும் அப்படியே வைத்துவிட்டு அந்தத் தொண்டையிலிருந்து மறுபடி எழுத ஆரம்பித்தாள், அதுதான் பிறகு புத்தகமாயிற்று. ஒரு நாட்டில் என்ன பேசப்படுகிறது என்பதை விட்டுவிடு, என்ன விழுங்கப்படுகிறது, யாருக்கு முன்னால் விழுங்கப்படுகிறது என்று பார், அதிகாரம் எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிடும். இவ்வளவுதான் அவளுடைய முறை. கருத்தரங்கு ஒன்றில் வயதான பேராசிரியர் ஒருவர் பரிவோடுதான் சொன்னார், அம்மா, இது கதை, கோட்பாடு என்றால் லட்சியம் ஒன்று வேண்டாமா என்று. லட்சிய அரசு எப்படி இருக்கும் என்பதில் ஆளுக்கொரு விதமாக அடித்துக்கொள்ளலாம் சார், ஒருவன் கையை ஓங்கும்போது எதிரே நிற்பவன் தோள் ஒடுங்குகிறதே, அதில் இரண்டு கருத்துக் கிடையாது என்றாள். கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல் பல வருஷம் அவளோடு வந்தது.

தோள் ஒடுங்கியதா. சுடலைமுத்துவின் தோள் ஒடுங்கியதா, இல்லையா. இரண்டாவது மாடி, துறை அறை, ஜன்னலோரம் அவள் டீ குடித்துக்கொண்டிருந்தாள், பக்கத்தில் செண்பகம் பாடக்குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். வாசலில் செயலரின் கார் ஹாரன் அடித்தது, ஒரு தடவை, இரண்டு தடவை, பிறகு விடாமல். சுடலைமுத்து தண்ணீர் குடிக்கக் குழாயடிக்குப் போயிருந்தார், ஈரக் கையோடு ஓடிவந்தார், ஐம்பத்தைந்து வயது ஆள் ஓடுகிற ஓட்டம், ஒரு செருப்பு கழன்று பின்னால் நின்றுவிட்டது. கேட்டைத் திறந்தார். கார் உள்ளே வந்திருக்கலாம், வந்திருந்தால் ஒன்றுமில்லை. தனுஷ்கோடி இறங்கினார். இறங்கி, கதவை நிதானமாகச் சாத்தி, நடந்து வந்து அறைந்தார். சத்தம் இரண்டு மாடி ஏறி வந்தது. சுடலைமுத்துவின் தோளில் இருந்த துண்டு தரையில் விழுந்தது. துண்டு விழுந்தது, பிறகு, பிறகு மேசைமேல் டீ கிளாஸ், ஆடை படிந்த டீ. துண்டுக்கும் டீக்கும் நடுவே எதுவும் இல்லை. எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தாலும் அந்த இடத்தில் ஒரு துணி கிழிந்துபோன மாதிரி இருந்தது. அதற்கப்புறம் தெளிவாக நினைவிருந்தது. ரெண்டு பேரும் பார்த்தோம், இல்லையா செண்பகம் என்று கேட்டாள். ஆமா மேடம் என்றாள் செண்பகம். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. இத்தனை நாளும் குணசுந்தரி அந்த வேகத்தை நேர்மை என்று எடுத்துக்கொண்டிருந்தாள். சுடலைமுத்து மனுக் கொடுப்பார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. பத்தொன்பது வருஷம் வணக்கம் வைத்த மனிதர் மறுநாளே பஸ் ஏறி மண்டல அலுவலகத்துக்குப் போய், அங்கே வெளியே உட்கார்ந்திருக்கிற மனு எழுதுகிறவரிடம் சொல்லி எழுத வைத்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்து, அன்று மாலையே மறுபடியும் கேட்டில் நின்றார். தாலுகா ஆபீஸ் மனிதர் சொல்லாததை இந்த மனிதர் சொல்லிவிட்டார். தன் புத்தகத்தில் இப்படி ஒருவருக்கு எத்தனை பக்கம் ஒதுக்கினாள் என்று யோசித்தாள். ஒன்றுகூட இல்லை.

நான்காவது வரிசையில் ஒரு பெண் எழுதுவதை நிறுத்தியிருந்தாள். இடது கை மடியில் மூடிக் கிடந்தது, விரல் இடுக்கில் நீல மை. குணசுந்தரி நின்றாள். நின்றது அவளல்ல, அந்த நடைதான் நின்றது, கால்களுக்குப் பழக்கம். கையைக் காட்டு என்றாள் மெதுவாக. அந்தப் பெண்ணின் தோள் இரண்டும் காதை நோக்கி ஏறின. உள்ளங்கையை விரித்தாள். எழுத்து ஒன்றும் இல்லை, மையும் வியர்வையும் கலந்த நீலக் குழம்பு. பேனா ஒழுகுது மேடம் என்றாள். குணசுந்தரி தன் பேனாவை எடுத்துக் கொடுத்தாள். தேங்க்ஸ் மேடம், தேங்க்ஸ் மேடம், சாரி மேடம், தேங்க்ஸ் மேடம். எதற்குச் சாரி. நகர்ந்த பிறகும் பின்னால் அந்தப் பெண் மூச்சை விடுவது கேட்டது, இவ்வளவு நேரம் பிடித்துவைத்த மூச்சு. இந்த மூச்சை அவளுக்குத் தெரியும். இதைப் பற்றித்தானே எழுதினாள். ஒவ்வொரு ஜூன் மாதமும் புது வகுப்பில் முதல் நாள் ஆளுக்கொரு வெள்ளைத் தாள் கொடுப்பாள், பெயர் எழுத வேண்டாம், கடைசியாக எப்போது, யாருக்கு முன்னால் ஒரு சொல்லை விழுங்கினீர்கள் என்று மட்டும் எழுதுங்கள் என்பாள். அப்பா என்று எழுதுவார்கள். பஸ் கண்டக்டர், விடுதிக் காப்பாளர், அண்ணன், வீட்டுக்கார அம்மா, போலீஸ், தெருமுனைக் கடைக்காரர், மாமியார். முப்பத்தோரு வருஷத்துத் தாள்களில் உலகத்தில் இருக்கிற எல்லோரும் இருந்தார்கள், ஒரே ஒருத்தியைத் தவிர. மேடம், உங்களுக்கு முன்னால் என்று ஒருவரும் எழுதியதில்லை. எழுதவில்லை என்றால் இல்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள். தாள்களை வாங்கிக்கொண்டது யார். பெயர் இல்லாவிட்டால் என்ன, இரண்டு மாதத்தில் எல்லோருடைய கையெழுத்தும் அவளுக்குத் தெரிந்துவிடும், அது அவர்களுக்கும் தெரியும். இவ்வளவு சின்ன ஓட்டை, இத்தனை வருஷம் கண்ணில் படவில்லை. ஏழாவது வரிசைக்குப் பக்கத்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றாள். எதிர்க்கோடியில் செண்பகம் அடிஷனல் ஷீட் கேட்ட ஒருவனுக்குத் தாள் கொடுத்துக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். பதினெட்டு வயதில் குணசுந்தரியின் வகுப்பில் அவளும் ஒரு தாள் எழுதினாள், என்ன எழுதினாள் என்பது ஞாபகம் இல்லை. படித்து முடித்து, ஆராய்ச்சி முடித்து, இதே துறையில் எட்டு வருஷமாகத் தற்காலிக விரிவுரையாளர். எட்டு வருஷமாக மேடம் சொன்னது எதையும் அவள் மறுத்ததில்லை, ஒரு நாள்கூட. ஆமா மேடம். அந்த ஆமாம் யாரைக் கண்டு வந்தது. கீழே நின்ற தனுஷ்கோடியைக் கண்டா, பக்கத்தில் நின்ற என்னைக் கண்டா. இந்தக் கேள்வி குணசுந்தரிக்கு இப்போதுதான் வந்தது. விசாரணை அறையில் செண்பகத்தின் பெயரைச் சொல்வது உண்மைக்குச் செய்கிற மரியாதை என்றுதான் நேற்று இரவு தூங்கும்வரை அவள் தீர்மானமாக இருந்தாள்.

பன்னிரண்டு மணி அடித்துச் சற்று நேரத்தில் முதல்வர் மோகன்தாஸ் வந்தார், தேர்வு நேரத்தில் ஒவ்வொரு அரங்காக எட்டிப் பார்ப்பது அவர் வேலை. அறுபது முதுகும் நிமிர்ந்தன. அவர் மாணவர்களைப் பார்த்தபடியே அவள் பக்கத்தில் வந்து நின்றார். குணசுந்தரியும் அவரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள், கெட்ட மனிதர் இல்லை, அவளுடைய அம்மா இறந்தபோது சுடுகாடுவரை வந்து நின்றவர். வெயில் கண்ணுல அடிச்சது, சரியாத் தெரியலன்னு சொன்னாப் போதும் மேடம் என்றார், உதடு அசையாமல். பொய்யும் இல்ல, காலையில அந்தப் பக்கம் வெயில்தானே. அவர் கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டார். செண்பகவல்லி நியமன ஃபைல் செயலர் மேசைமேலதான் இருக்கு, இந்த வாரம் கையெழுத்தாயிரும்னு நெனைக்கேன், நல்ல பிள்ளை, எட்டு வருஷமா கஷ்டப்படுது என்றார். குரலில் மிரட்டல் துளியும் இல்லை. அவருக்கே அது மிரட்டல் என்று தெரிந்திருக்காது. போகும்போது கதவோரத்தில் நின்று செண்பகத்திடம் ஏதோ கேட்டார், செண்பகம் எழுந்து நின்று தலையாட்டினாள், அவர் போன பிறகும் உட்காரவில்லை. குணசுந்தரி உள்ளுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தாள். பெயரைச் சொன்னால் அந்த ஃபைல் மேசையிலிருந்து இறங்காது. சொல்லாவிட்டால் சுடலைமுத்துவுக்கு ஒரே சாட்சி, அதுவும் ஓய்வுக்கு ஒரு வருஷம் இருக்கிற கிழவி, வெயிலில் சரியாகத் தெரிந்திருக்காது என்று யாரும் சொல்லிவிடலாம். ஒருவருடைய பயத்தைத் தூக்கி இன்னொருவர் தலையில் வைக்காமல் ஒரு வாக்கியம்கூடப் பேச முடியாதா. அவள் புத்தகம் இந்த இடம்வரை வரவில்லை, இங்கே வருவதற்குள் முடிந்துபோய்விட்டது. பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுப் பார் என்றுதான் அந்தப் புத்தகம் சொல்கிறது, ஆனால் கேட்பவளைக் கண்டே பயம் என்றால் கேட்டு என்ன வரும். ஆமா மேடம்தான் வரும். பன்னிரண்டே முக்கால். யாரோ இருமினார்கள். முன்வரிசைப் பையன் விரலைச் சொடுக்கினான். செண்பகம் நூல்கண்டை எடுத்துச் சீரான நீளத்தில் வெட்டி வைத்துக்கொண்டிருந்தாள், ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரிக்கோல் ஒரு சின்னச் சொல் சொன்னது.

ஒரு மணி அடித்து, விடைத்தாள்களை வாங்கி, எண்ணி, கடைசி மாணவனும் வெளியே போன பிறகு அரங்கில் அறுபது காலி மேசைகளும் அவர்கள் இருவரும் இருந்தார்கள். செண்பகம் கட்டைக் கட்டிக்கொண்டிருந்தாள். குணசுந்தரி அவளுக்கு எதிரே போய், மேற்பார்வையாளர் நாற்காலியை விட்டுவிட்டு, மாணவர் பெஞ்சில் உட்கார்ந்தாள். என்ன கேட்பது என்று மூன்று மணி நேரம் யோசித்தும் ஒரு வாக்கியமும் தேறவில்லை. கடைசியில், “நான் ஒண்ணும் கேக்கப்போறதில்ல செண்பகம். நீ எங்கிட்ட சொல்லணும்னு நெனச்சு சொல்லாம வச்சிருக்கது எதாவது இருந்தா சொல்லு” என்றாள்.

செண்பகம் முடிச்சை இறுக்கினாள். அவிழ்த்தாள்.

“அன்னைக்கு ஜன்னலச் சாத்துனது நீங்கதான் மேடம்.”

குணசுந்தரிக்கு முதலில் புரியவில்லை.

“அடி விழுந்ததும் அவரு நிமிந்து மேல பார்த்தாரு. நம்ம ரெண்டு பேரையும் பார்த்தாரு, ஒருத்தர் மாத்தி ஒருத்தரா. நான் என்ன செய்யன்னு தெரியாம நின்னேன். நீங்க கையை நீட்டிக் கதவைச் சாத்துனீங்க. சாத்திட்டு உக்காந்து டீ கிளாஸை எடுத்தீங்க. குடிக்கல.”

துண்டுக்கும் டீக்கும் நடுவே கிழிந்திருந்த இடத்தில் அவளுடைய சொந்தக் கை வந்து நின்றது. நரம்பு புடைத்த கை, மூங்கில் நிற வளையல், ஜன்னல் கொக்கியின் துரு விரலில் ஒட்டியதுகூட இப்போது தெரிந்தது. இரண்டு மாடிக்குக் கீழே ஒரு மனிதர் கன்னத்தில் கை வைக்காமல், குனிந்து துண்டை எடுக்காமல், மேலே பார்த்துக்கொண்டு நின்றார், அவள் அந்தப் பார்வையின்மேல் பலகையை இழுத்துச் சாத்தினாள். யோசித்துச் செய்யவில்லை. யாரும் சொல்லிச் செய்யவில்லை. தாலுகா ஆபீஸ் மனிதரின் தொண்டையை யாரும் பிடிக்கவில்லையே, அதே மாதிரி. இதை ஏன் எங்கிட்ட அன்னைக்கே சொல்லல என்று கேட்க வாய் திறந்து, அந்தக் கேள்வியின் மடத்தனம் தெரிந்து மூடிக்கொண்டாள்.

“அங்க என் பேரைக் கேப்பாங்களா மேடம்?”

“கேப்பாங்க.”

“சொல்லாதீங்க.” செண்பகம் இப்போதுதான் நேராகப் பார்த்தாள். கண் சிவந்திருந்தது. “எனக்கு சுடலைமுத்து அண்ணாச்சி முகத்துல முழிக்கவே வெட்கமா இருக்கு. ஆனா சொல்லாதீங்க மேடம்.”

எட்டு வருஷத்தில் அவள் முதல் தடவையாக மறுத்துப் பேசுகிறாள் என்று குணசுந்தரிக்குத் தோன்றியது. சரி என்றாள். விடைத்தாள் கட்டை இருவருமாக அலுவலகத்தில் ஒப்படைத்தார்கள். படியில் செண்பகம் ஒரு பக்கம் போனாள், அவள் மறுபக்கம்.

முதல்வர் அறையில் விசாரணை அதிகாரி உட்கார்ந்திருந்தார், ஜலதோஷம் பிடித்த ஒல்லியான மனிதர், கைக்குட்டையும் கோப்பும் ஒரே கையில். பக்கத்தில் மோகன்தாஸ். சுவரோரம் சுடலைமுத்து நின்றுகொண்டிருந்தார், சீருடை இஸ்திரி போட்டிருந்தது. அவர் அவளைப் பார்க்கவில்லை. அதிகாரி கேட்டார், அவள் சொன்னாள். ஒன்பது இருபது, ஹாரன், ஈரக் கை, இறங்கி வந்து அறைந்தது. வெயில் அடித்ததா என்று அவரே கேட்டார். அடித்தது, ஆனாலும் தெரிந்தது என்றாள். பிறகு, யாரும் கேட்காமல், “அடிச்சதப் பார்த்துட்டு நான் ஜன்னலச் சாத்திட்டேன் சார். அதையும் எழுதிக்கோங்க” என்றாள்.

“அது தேவையில்ல மேடம்.”

“தேவை சார்.”

மோகன்தாஸ் மேசைமேல் இருந்த காகித எடையை நகர்த்தினார். சுடலைமுத்துவின் கால்கள் அசைந்தது தெரிந்தது, முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. அதிகாரி எழுதிக்கொண்டார். மூக்கைத் துடைத்துக்கொண்டு மனுவை எடுத்து, விரலால் வரியைத் தேடி நிறுத்தினார்.

“மனுவுல ஆசிரியர்கள்னு இருக்கு. உங்களோட வேற யார் இருந்தது?”

மின்விசிறியின் சத்தம், வெளியே மாணவர்களின் சத்தம், எல்லாம் கொஞ்சம் தள்ளிப் போயிற்று. நான் மட்டும்தான் என்று சொல்வதற்குத்தான் வந்திருந்தாள். சொல்வதற்குள் தெரிந்துவிட்டது, இதைச் சொன்னால் சுவரோரம் நிற்கிற மனிதரைப் பொய்யர் ஆக்குகிறாள், இரண்டு பேரைப் பார்த்தவர் அவர். ஒரு பொய் மனுவில் இருந்தால் மற்றதும் பொய்யாகலாம் என்று எழுதிவிடுவார்கள். பெயரைச் சொன்னால் செண்பகம் மாட்டிக்கொள்வாள். சொல்லாவிட்டால் இவர். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை, தொண்டை ஏறியது, இறங்கவில்லை.

“அது மனு எழுதுனவர் போட்டது சார்” என்றார் சுடலைமுத்து. சுவரை விட்டு ஓரடி முன்னால் வந்திருந்தார். “மரியாதைக்கு அப்படி எழுதுவாங்களாம். அம்மா மட்டுந்தான் நின்னாங்க.”

அதிகாரி அவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அப்படியா மேடம் என்றார். அவள் தலையாட்டினாள். அவர் மனுவில் அந்த இரண்டு எழுத்தையும் அடித்து, ஓரத்தில் சுடலைமுத்துவின் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, அவளுடைய வாக்குமூலத்தைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார். பேனா நான்காவது வரிசைப் பெண்ணிடமே போய்விட்டது. அதிகாரியின் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வராந்தாவில் சுடலைமுத்து முன்னால் போய்க்கொண்டிருந்தார். தேர்வு முடிந்த கூட்டம் கேட்டுக்கு உள்பக்கம் சைக்கிளும் வண்டியுமாக நின்றது. அவள் வேகமாக நடந்து அவரை எட்டிப் பிடித்தாள். என்ன சொல்வது என்று தெரியவில்லை, நன்றி என்பது அந்த இடத்துக்குப் போதவில்லை, மன்னிப்பு என்றால் அவர்தான் அதையும் சுமக்க வேண்டும். அண்ணாச்சி என்று மட்டும் கூப்பிட்டாள். அவர் நின்றார். துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டார். இப்போதுதான் நேருக்கு நேர் பார்த்தார், கோபம் இல்லை, கனிவும் இல்லை.

“அந்தப் பிள்ளைக்கு வேலை இன்னும் நிரந்தரமாகல. ஒங்களுக்காகச் சொல்லலம்மா” என்றார். பிறகு கேட்டைத் திறக்கப் போனார்.